‘இச்சபையில்’ என்ற ஒரு சொல்

போன மாதம் எங்கள் சபையின் மத்திய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களில் என்னையும் கூப்பிட்டு, ‘விசுவாசமும் சபை அரசியலும்’ என்று தலைப்புக் கொடுத்து, பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் என் பழைய டைப்ரைட்டரைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் கிட்டே வந்து, “கோயில்ல எலெக்‌ஷனே வேணாம், அதனாலதான் சண்டைன்னு எங்க வீட்ல சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள். தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், “அப்புறம் சொல்றேம்மா” என்று வந்துவிட்டேன். அந்த ‘அப்புறம்’தான் இது.

எங்கள் ஊர் திருவிடைமருதூரிலிருந்து உள்ளே போகிற ஒரு வாய்க்கால் கரை ஊர். பெயர் எழுதவில்லை. அன்று எதிரெதிரே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே பாடகர் குழுவில் பாடுகிறார்கள். வடக்குத் தெருக்காரர்கள் நிலம் வைத்திருந்தார்கள். தெற்குத் தெருக்காரர்கள் அந்த நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தார்கள். இரண்டு தெருவும் கிறிஸ்தவர்கள்தான், ஒரே லுத்தரன் கோயில்தான். ஆனால் திருவிருந்தில் (இராப்போஜனம் என்றும் சொல்வோம்) அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வடக்குத் தெரு முதலில் போய் முழங்காலிடும், தெற்குத் தெரு கடைசியில் போகும். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. நான் தெற்குத் தெரு.

மிஷன் விடுதியில் தங்கிப் படித்தேன். டைப்பிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்து, இருபத்தோரு வயதில் மத்திய அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். விரல் பழக ஒரு வருஷம் ஆனது. அலுவலகத் தமிழ் பழக மூன்று வருஷம் ஆனது. அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது ஆசீர்வாதம் ஐயரைப் பற்றி. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மத்திய அலுவலகத்தின் செயலாளர், என் மேலதிகாரி. ஒல்லியான மனிதர். எந்தத் தாளையும் ஒரு போஸ்ட் கார்டைக் குறுக்கே வைத்து, ஒரு வரி படித்ததும் கார்டை ஒரு வரி கீழே இறக்கி, மறுபடி ஒரு வரி படிப்பார். சிபாரிசுக் கடிதத்தோடு யாராவது வந்தால், கடிதத்தைப் பிரிக்காமல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, “விஷயத்தை வாயால சொல்லுங்க” என்பார். ஒரு யோசனை சொல்ல வாயைத் திறந்தால், “கருத்து அப்புறம். எந்தப் பக்கம்?” என்று கேட்பார். விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். பிறகு ஒன்று புரிந்தது. அந்த அறையில் வடக்குத் தெருக்காரருக்கும் தெற்குத் தெருக்காரிக்கும் கேள்வி ஒன்றாகவே இருந்தது. எனக்கு அதுவரை அப்படி ஓர் அறை கிடைத்ததில்லை.

நான் சேர்ந்து பத்து வருஷம் இருக்கும்போது டெல்டாவே இடம் மாறத் தொடங்கியது. காவிரியில் நேரத்துக்குத் தண்ணீர் வராமல் குறுவை தவறிய வருஷங்கள் அவை. வடக்குத் தெருப் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்துச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். தெற்குத் தெருப் பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். என் அக்கா ஞானமும் போனாள். நடவுக்குக் குனிந்த முதுகு இப்போது தையல் மெஷினுக்குக் குனிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

எங்கள் ஊர்ச் சபைச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது அப்போதுதான். சபைச் சங்கம் என்பது கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கோயில் நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் குழு. அதன் செயலாளராகத் தொடர்ந்து நான்கு முறை இருந்தவர் துரைராஜ். வடக்குத் தெரு, ரைஸ் மில் முதலாளி, ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பும் வைத்திருந்தார். எந்தக் கட்சி என்பது இப்போது வேண்டாம். ரொம்ப வருஷம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தலும் அப்போது வருவதாக இருந்தது. கோயில் ஓட்டு மொத்தமும் தன் கையில் என்று கட்சிக்கு அவர் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சலோமி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். தெற்குத் தெருக்காரி, முப்பது வயதிருக்கும், திருப்பூரில் செக்கிங் வேலை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

“எஸ்தரக்கா, எங்க தெருவுல நாப்பத்தேழு பேரை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்க. எல்லாரும் திருப்பூர்ல இருக்கிறவங்க. கேட்டா விதி அப்படின்னு சொல்றாங்க.”

“என்ன விதியாம்?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்தக் கோயில்லயே இராப்போஜனம் எடுத்திருக்கணுமாம். நாங்க அங்க திருப்பூர் கோயில்ல எடுக்கிறோம். ஆண்டவர் அங்க ஒருத்தர், இங்க ஒருத்தரா?”

மனுவை உள்ளே கொண்டு போனேன். ஆசீர்வாதம் ஐயர் கார்டை இறக்கி இறக்கிப் படித்து முடித்தார். “இந்த லிஸ்ட்ல உன் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்றார்.

“எங்க அக்கா ஞானம் இருக்காங்க ஐயா.”

“அப்ப அந்தப் பேரை நீ சரிபார்க்கக் கூடாது. அதை நான் பார்க்கிறேன். மத்த நாப்பத்தாறும் நீ பாரு. முதல்ல விதி என்ன சொல்லுதுன்னு பாரு.”

சபைகளிடம் இருந்தது விதிப் புத்தகத்துக்கு நாங்கள் மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டி, மை உருட்டி அனுப்பிய நகல். அதில் சலோமியிடம் சொன்னபடியேதான் இருந்தது: ‘இச்சபையில் பெயர் பதிவு பெற்று, கடந்த பன்னிரண்டு மாதங்களில் இரண்டு முறையாவது இச்சபையில் திருவிருந்தில் பங்குபெற்றவர்’. பிறகு பீரோவிலிருந்து அச்சடித்த மூலப் புத்தகத்தை எடுத்தேன். பதினேழாம் பக்கம். அதில் ‘இச்சபையில்’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் இருந்தது, பெயர் பதிவுக்கு முன்னால். திருவிருந்துக்கு முன்னால் இல்லை. திருவிருந்தை எந்தச் சபையில் எடுத்தாலும் செல்லும் என்பதுதான் மூல விதி.

நகலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இடது மூலையில் தட்டச்சரின் முதலெழுத்துகள் இருந்தன. அவை என்னுடையவை.

தற்காலிக வேலையில் இருந்தபோது நான் வெட்டிய ஸ்டென்சில் அது. மேல் வரியில் இருந்த சொல்லைக் கண் மறுபடி எடுத்திருக்கிறது, விரல் அடித்துவிட்டது. யாரும் சொல்லித் தந்து செய்ததல்ல, சதியும் இல்லை. நான் தவறாக அடித்த ஒரு சொல் என் தெருவின் நாற்பத்தேழு பெயரை வெட்டிவிட்டது. என் அக்கா பெயரும் அதில் ஒன்று.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். அந்த மாதம்தான் என்னைக் கண்காணிப்பாளராக உயர்த்தும் கோப்பு மேலே போயிருந்தது. தெற்குத் தெருவிலிருந்து அந்த நாற்காலிக்கு அதுவரை யாரும் போனதில்லை. ‘நகலில் பிழை’ என்று மட்டும் குறிப்பு எழுதி, யார் பிழை என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணத்தோடு அரை மணி நேரம் ஜெபம் பண்ணவும் முயன்றேன். பொய்யை வைத்துக்கொண்டு ஜெபம் வரவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

“ஐயா, நகல்ல இருக்கிற ஒரு சொல்லு மூலத்துல இல்ல.”

“எந்தப் பக்கம்?”

“பதினேழு.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். “ஸ்டென்சில் அடிச்சது யாரு?”

“நான்தான் ஐயா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது யாரு?”

நகலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே தாளைத் திருப்பிப் பார்த்தார். “நான்” என்றார். “அப்ப இது ரெண்டு பேரோட தப்பு. உக்காரு, டிக்டேஷன் எடு.”

அன்று மாலையே எல்லாச் சபைகளுக்கும் சுற்றறிக்கை போனது. அதில் இரண்டு வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம். ‘மேற்படி நகலில் இச்சபையில் என்ற சொல் இரண்டாம் முறை இடம்பெற்றது இவ்வலுவலகத்தின் தட்டச்சுப் பிழை. அதைக் காணாமல் கையொப்பமிட்டது என் பிழை.’ தட்டச்சுப் பிழையை அவர் அலுவலகத்தின் மேல் ஏற்றினார், கையெழுத்துப் பிழையைத் தன் பெயரில் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. ஆனால் உயர்வுக் கோப்பில் நடந்ததைத் தன் கையால் ஒரு வரி சேர்த்துத்தான் மேலே அனுப்பினார். கோப்பு அந்த வரியோடு மூன்று மாதம் கிடந்து, பிறகு ஒப்புதலாகி வந்தது.

விசாரணைக்கு நாங்கள் ஊருக்குப் போனோம். துரைராஜ் கார் அனுப்பியிருந்தார். ஐயர் டிரைவருக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, என்னோடு டவுன் பஸ்ஸில் வந்தார். துரைராஜ் அவருக்குச் சம்பந்தி முறை. அதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கோயிலுக்குள்ளேயே கூட்டம் நடந்தது. வடக்குத் தெரு இடது பக்கப் பெஞ்சுகளில், தெற்குத் தெரு வலது பக்கம். ஐயர் சுற்றறிக்கையை வாசித்தார். தன் பிழை என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தவில்லை.

துரைராஜ் எழுந்தார். “ஐயா, நீங்க நம்ம சம்பந்தி. உங்ககிட்ட போய் நான் சட்டம் பேசுறதா?”

“சட்டம் மட்டும் பேசுங்க.”

“சரி, பேசுறேன். இந்த அம்மாவுக்கு ரேஷன் கார்டுல செல்வின்னு பேரு. கோயில்ல சலோமிங்கிறாங்க. இந்தத் தெருவுல பாதிப் பேரு இப்படித்தான். கவர்மெண்ட்டுக்கு ஒரு பேரு, கர்த்தருக்கு ஒரு பேரு. இவங்களை எப்படி அங்கத்தினர்னு நம்புறது?”

இடது பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். கிறிஸ்தவப் பெயர் வைத்தால் பள்ளிக்கூடச் சலுகை கிடைக்காது என்பதால் எங்கள் தெருவில் பலருக்கும் இரண்டு பெயர். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். எனக்கே உடம்பு கூசியது. சலோமிக்குக் கூசவில்லை. எழுந்து நின்றாள்.

“செல்விங்கிற பேரு நான் படிக்கணும்னு எங்கப்பா பள்ளிக்கூடத்துல குடுத்தது. சலோமிங்கிற பேரு இந்தக் கோயில்ல தண்ணி ஊத்தி வச்சது. ரெண்டு பேரையும் நான் எங்கயும் திருடல ஐயா.”

சிரிப்பு நின்றது. ஐயர் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். கார்டை இறக்கி இறக்கித் தேடி, “பேரு இருக்கு. அடுத்து” என்றார்.

“அவங்க திருப்பூர்ல எடுத்தாங்கங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?” என்றார் துரைராஜ்.

“சரியான கேள்வி” என்றார் ஐயர். என் பக்கம் திரும்பினார். “எஸ்தர், வடக்குத் தெரு லிஸ்ட்ல வெளிநாட்டுல இருக்கிறவங்க பேரை வாசி.”

முந்தின நாள் அவர் சொல்லி நான் தனியாக எழுதி வைத்திருந்தது அது. வாசித்தேன். பத்தொன்பது பெயர். ஒருவர் பெயரும் நீக்கப்படவில்லை. வர முடியாதவர்களின் ஓட்டை வீட்டுப் பெரியவரே போட்டுவிடுகிற வழக்கமும் அந்த ஊரில் இருந்தது. மூன்றாவது பெயர் துரைராஜின் மகன்.

“இவங்க கடைசியா இங்க எப்ப திருவிருந்து எடுத்தாங்க?”

துரைராஜ் இடது பக்கப் பெஞ்சுகளைப் பார்த்தார். “அவங்க எல்லாம் பொழைப்புக்காகப் போயிருக்காங்க ஐயா.”

ஐயர் வலது பக்கப் பெஞ்சுகளைக் காட்டினார். “இவங்களும் பொழைப்புக்காகத்தான் போயிருக்காங்க.”

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. இரண்டு தெருவுக்கும் ஒரே நிபந்தனை: திருவிருந்து எடுத்த ஊரின் போதகரிடமிருந்து பன்னிரண்டு நாளுக்குள் சான்று வர வேண்டும். ஓட்டை அவரவர் நேரில் வந்து போட வேண்டும். துரைராஜால் எதை எதிர்க்க முடியும்? தன் மகன் பெயரை எதிர்த்தால்தான் எங்கள் பெயரை எதிர்க்க முடியும்.

மறுவாரம் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, திருச்சி, கரூர், காங்கேயம் வழியாகத் திருப்பூர் போனேன். அங்கே எங்கள் ஜனங்களின் கோயில் ஒரு நூல் கடைக்கு மேலே வாடகை ஹால். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடுகிற சீசன்களில் காலை ஆறு மணிக்கே ஆராதனை முடித்துவிடுவார்களாம், பெண்கள் எட்டரை ஷிஃப்டுக்குப் போவதற்காக. அங்கிருந்த சின்ன வயதுப் போதகர் ஒரு நீளமான நோட்டில் ஒவ்வொரு திருவிருந்துக்கும் தேதியும் பெயரும் எழுதி வைத்திருந்தார். ஹாலில் ஃபேன் ஓடவில்லை. நானும் அவரும் தரையில் உட்கார்ந்து, பெயர் பெயராக ஞானஸ்நானப் பெயரோடு ஒப்பிட்டு எழுதினோம். ஞானம் அக்காவின் பெயர் வந்த இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே எழுதித் தனி உறையில் போட்டு ஒட்டித் தந்தார்.

என் கையில் இருந்த நாற்பத்தாறில் நாற்பத்து மூன்று தேறியது. மூன்று பேருக்கு ஒரு முறைதான் இருந்தது. திங்கட்கிழமை உறையைப் பிரிக்காமல் ஐயரிடம் கொடுத்தேன். பிரித்தார், படித்தார். தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார். அக்காவுக்கும் ஒரு முறைதான். மற்ற ஞாயிறுகளில் விடிய விடிய ஓவர்டைம்.

“இந்தப் பேரை என்னால எழுத முடியாதும்மா” என்றார். அவர் என்னை ‘அம்மா’ போட்டுப் பேசியது அன்றுதான்.

“எழுத வேணாம் ஐயா” என்றேன். வெளியே வந்து பாத்ரூமில் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பட்டியலை அடித்தேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவைப் பக்கத்து வீட்டு எண்ணில் கூப்பிட்டுச் சொன்னேன். “நாப்பத்து மூணு பேரு வந்தாச்சுல்ல?” என்றாள். “வந்தாச்சு” என்றேன். “அப்ப ஏண்டி அழுவுற?” என்றாள்.

இதற்கிடையில் தெற்குத் தெரு சலோமியைச் செயலாளர் பதவிக்கு நிறுத்தியது. துரைராஜுக்கு எதிராக ஒரு பெண், அதுவும் எங்கள் தெருப் பெண். நான் தங்கியிருந்த தஞ்சாவூரில் கோயிலுக்கு வெளியே என் கையைப் பிடித்து நிறுத்தி, “தேவாலயத்துல அரசியலைக் கொண்டு வராதம்மா” என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. பயிற்சி வகுப்பில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். கோயிலுக்குள் அரசியல் எப்போதுமே இருந்தது. யார் முதலில் முழங்காலிடுவது, யார் பெயர் பட்டியலில் இருப்பது, யார் வீட்டு ஓட்டை யார் போடுவது, எல்லாமே அரசியல்தான். அது ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்தவரை அதற்கு ஒழுங்கு என்று பெயர். நாங்களும் கேட்டபோதுதான் அதற்கு அரசியல் என்று பெயர் வந்தது. தேர்தலில் சண்டை வரும், அசிங்கமும் வரும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் விசுவாசத்தை நான் எதில் பார்த்தேன் என்று கேட்டால், பிரசங்கத்தைவிட அதிகமாக ஒரு சரியான பட்டியலில் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.

தேர்தல் ஞாயிறு மதியம். ஐயரே தேர்தல் அதிகாரி. திருப்பூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பஸ் பேசிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார்கள். கோயில் வாசலில் இறங்கியபோது நல்ல புடவையில், தலையில் கனகாம்பரத்தோடு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள். ஓட்டு இல்லாத ஞானம் அக்காவும் அதே பஸ்ஸில் வந்திருந்தாள். மற்றவர்கள் வரிசையில் நின்ற மூன்று மணி நேரமும் அவர்களின் கைக்குழந்தைகளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றாள். வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர் மகனின் சீட்டையும் கேட்டபோது, ஐயர் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவர் வந்து கேக்கட்டும்” என்றார். பெரியவர் ஒரே ஒரு சீட்டோடு போனார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், சலோமி திருப்பூர் வேலையை விட்டு ஊருக்கே வந்து இரண்டு முறை செயலாளராக இருந்தாள். திருவிருந்துக்குத் தெருப்படி போகாமல், உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வரிசைப்படி போக வேண்டும் என்பது அவள் எழுதிய முதல் தீர்மானம். துரைராஜ் மூன்று மாதம் கோயிலுக்கு வரவில்லை. பிறகு வந்தார். தெற்குத் தெரு ஆள் ஒருவருக்குப் பின்னால் முழங்காலிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

எண்ணிக்கை முடியத் தாமதமாகிக்கொண்டே போனது. மறுநாள் காலை ஷிஃப்ட் என்பதால் பெண்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். உள்ளே ஐயர் கடைசிக் கட்டைத் தானே மறுபடி எண்ணினார். கார்டை வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவை அறிவித்தார். சலோமி பதினோரு ஓட்டில் ஜெயித்திருந்தாள். துரைராஜ் எழுந்து வெளியே போனார். சலோமி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஓடத்தான் தோன்றியது. செருப்பைக் கூடப் போடாமல் பஸ்ஸை நோக்கி ஓடினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முன் சீட்டில் ஒருத்தி பாட்டை எடுத்தாள், பின் சீட்டு வரை கைதட்டு போனது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“எத்தனை ஓட்டுல?”

“பதினொண்ணு.”

“என் ஓட்டும் இருந்திருந்தா பன்னெண்டு” என்று சொல்லி, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள். பஸ் கிளம்பி வாய்க்கால் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.